அக்கா கொட்டிய சாம்பல்

கோயில் முற்றத்தில் இரண்டு அண்டா நிறையக் கூட்டாஞ்சோறு இறக்கி வைத்திருந்தார்கள். பருப்பும் கிழங்கும் வெந்து குழைந்த வாசனை ரப்பர் மரங்களுக்குள் புகுந்து, தொழிலாளர் குடியிருந்த கீழ் லயம் வரைக்கும் போயிருந்தது. தப்பு அடித்தவர்கள் ஓய்ந்து நிழலில் சாய்ந்திருந்தார்கள். பிள்ளைகள் வாழையிலையை மடியில் விரித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். பசி அப்படி.

அந்த நேரத்தில் என் அக்கா பொன்னம்மா ஓடைப் பக்கமிருந்து மேட்டில் ஏறி ஓடி வந்தாள். முழங்கால் வரை சேறு. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்பில் கிடந்த சாம்பலைக் கூடையில் வாரி முதல் அண்டாவில் கொட்டினாள். திரும்பிப் போய் இன்னொரு கூடை வாரினாள். அதை இரண்டாவது அண்டாவில் கொட்டினாள்.

மாரியம்மன் திருவிழாச் சோற்றில் சாம்பல்.

சோறு பொங்கிய சங்கிலி அண்ணன் அகப்பையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். பிள்ளைகளில் ஒன்று அழ ஆரம்பித்த பிறகுதான் மற்றவர்களுக்கு உயிர் வந்தது. அக்கா அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. சங்கிலி அண்ணனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணே, நீங்க இதுல தின்னு பாத்தீங்களா?"

வெந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு மூன்று துண்டு கிழங்கு தின்றதாக அவர் சொன்னார். அக்காவின் முகம் அப்போதுதான் மாறியது.

அக்காவைப் பற்றி

இந்தத் தொடரில் இரண்டொரு இடத்தில் அக்கா வந்து போயிருக்கிறாள். என்னை வளர்த்தவள் என்று சொல்லியிருப்பேன். அது போதாது.

எங்கள் தோட்டம் இலங்கையில், பெல்மதுளையிலிருந்து கொடகவெல போகும் பாதையில், மலைச்சரிவில் இருந்தது. மேலே கொஞ்சம் தேயிலை, கீழே முழுக்க ரப்பர். அம்மாவும் அப்பாவும் ஒரே மழைக்காலத்துக் காய்ச்சலில் அடுத்தடுத்துப் போனபோது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. அவளுக்கு வந்த இரண்டு மாப்பிள்ளைகளும் தம்பியை இந்தியாவிலிருந்த ஊருக்கு அனுப்பிவிடச் சொன்னார்களாம். இரண்டு பேரையும் அக்காதான் அனுப்பிவிட்டாள்.

அவளுக்குப் புல்லுவெட்டு வேலை. கையில் சுரண்டியோடு குனிந்தால் மாலையில்தான் நிமிர்வாள். பன்னிரண்டு பெண்களுக்கு முன்னால் நின்று வேலையை நடத்தும் முன்கை அவள்தான். அந்த வேலையில் மண்ணைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. அதனால்தானோ என்னவோ, மண்ணில் முளைப்பது எதுவென்று அவளுக்குத் தெரியாமல் இருந்ததில்லை.

நான் படித்து, ஓரளவு இங்கிலீஷும் எழுதக் கற்று, தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலப்பவனாகச் சேர்ந்தேன். இந்தத் திருவிழா நடந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். அக்காவின் வேர்களையும் இலைகளையும் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருந்த காலம் அது. அதையும் இங்கே எழுதிவிட வேண்டியதுதான்.

பல பெயர் உள்ள கிழங்கு

ஐப்பசி கார்த்திகையில் காட்டோரம் போனவர்களுக்கு அந்தக் கொடி தெரியும். இலை நுனியே சுருண்டு, பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு ஏறும். பூ கீழ்ப்பாதி மஞ்சள், மேல்பாதி சிவப்பு. இதழ்கள் எல்லாம் காற்றில் எரியும் தீ மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும். எங்கள் ஆட்கள் கார்த்திகைப் பூ என்பார்கள். அதன் கிழங்கு இரண்டு கிளையாகப் பிரிந்து ஏர்க்கலப்பை போல் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்று ஒரு பெயர். சிங்களவர்கள் நியங்கலா என்பார்கள்.

அத்தனையும் விஷம். பூவிலிருந்து வேர்வரை. கிழங்கில்தான் அதிகம்.

ஆனாலும் அதை மருந்தென்று வைத்திருந்தவர்கள் உண்டு. பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் ஒரு நாட்டு வைத்தியர் இருந்தார். வெத மாத்தையா என்று கூப்பிடுவோம். மூட்டு வீக்கத்துக்கு அவர் காய்ச்சும் எண்ணெயில் இந்தக் கிழங்கு சேரும். காட்டிலிருந்து அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது அக்கா. தேள் கொட்டியவர்களுக்கு அவளே இழைத்துக் கடிவாயில் பூசுவாள். பேன் பிடித்த தலைக்கு இலைச்சாறு. எதுவானாலும் மேலுக்குத்தான். உள்ளுக்கு ஒரு துளிகூட அவள் கொடுத்து நான் பார்த்ததில்லை. அதை இழைக்கும் கல்லை லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்குள் வரவிடமாட்டாள்.

லயத்தில் தேள் கொட்டாத வீடு கிடையாது. ஆகவே அக்காவைத் தேடாத வீடும் கிடையாது. ஆனால் வலி தீர்ந்து எழுந்து போகிறவர்களே ஓடைக்கரையில் உட்கார்ந்து அவளை "விஷக்காரி" என்று சொல்வதும் உண்டு. அக்காவின் காதில் அது விழும். சிரித்துக்கொள்வாள்.

காட்டுக்குப் போன பெண்கள்

அந்த வருஷங்களில் ரப்பர் விலை விழுந்து கிடந்தது. பால் வெட்டு வாரத்தில் மூன்று நாள், சில வாரம் இரண்டு. எத்தனையோ குடும்பங்கள் ஊருக்கே திரும்பிப் போய்விட்டன. இருந்தவர்கள் அரைவயிற்றுக்குச் சாப்பிட்டோம். திருவிழா வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். வருஷத்தில் ஒருநாளாவது பிள்ளைகள் வயிறு நிறையத் தின்னட்டும் என்று சங்கிலி அண்ணன்தான் பிடிவாதமாக நின்றார். அரிசியும் பருப்பும் வீட்டுக்கு ஒரு பிடி. காய்கறிக்கு வழியில்லை. பெண்கள் காட்டோரம் போய் வள்ளிக் கிழங்கு தோண்டி வருவது என்று முடிவானது.

பங்குனி மாதம். அந்த வெயிலில் கார்த்திகைக் கொடி முழுக்கக் காய்ந்து உதிர்ந்திருக்கும். மேலே பூவும் இல்லை, இலையும் இல்லை. மண்ணுக்குள் கிழங்கு மட்டும் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். வள்ளிக் கிழங்கு தேடித் தோண்டுகிறவள் கையில் அது அகப்பட்டால் வித்தியாசம் தெரிந்துகொள்ளப் பழக்கம் வேண்டும்.

அக்கா அன்றைக்கு விறகு கொண்டுவந்து போட்டுவிட்டு, கைகால் கழுவ ஓடைக்கு இறங்கியிருக்கிறாள். அங்கேதான் பெண்கள் கிழங்கு சீவிய தோல் குவிந்து கிடந்தது. அதில் வெட்டி எறிந்த நுனிகள் சில. கூராக, வெளுப்பாக. ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாளாம். கலப்பைக் கிழங்கு. பிறகு நடந்தது மேலே சொன்னது.

ஏன் கூப்பாடு போடவில்லை, ஏன் சாம்பல் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன்.

"சொன்னா ஒருத்தர் நம்புவாங்க, ஒருத்தர் ஏன்னு கேப்பாங்க. அதுக்குள்ள நாலு புள்ளைங்க வாயில வச்சிருக்கும்" என்றாள்.

"விஷம் தெரிஞ்சவ"

சங்கிலி அண்ணனைத் தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைத்தாள் அக்கா. அண்டாச் சோற்றை நாய், கோழி கிளறாத ஆழத்தில் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னாள். ஆண்கள் முறைத்துக்கொண்டே வெட்டினார்கள். பிள்ளைகள் காலி இலையோடு லயத்துக்குத் திரும்பின. அந்த வரிசை இறங்கிப் போனதை அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் வரை சங்கிலி அண்ணன் நன்றாகத்தான் இருந்தார். பொன்னம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. விளக்கு வைக்கும் நேரத்தில் அவருக்குத் தொண்டை எரிந்தது. பிறகு வாந்தி, பேதி. கண் உள்ளே போய்விட்டது. எங்கள் டிஸ்பென்சர் ஐயா இரத்தினபுரிக்குப் போயிருந்தார். மூன்று நாள் நானும் அக்காவும் மாறி மாறி உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினோம். டிஸ்பென்சரியில் எனக்குத் தெரிந்த மருந்து எதுவும் அதற்கு இல்லை.

அக்கா சொன்னது உண்மை என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெரிய கங்காணி கருப்பண்ணன் அதையே அவள்மேல் திருப்பினார்.

அவருக்கும் அக்காவுக்கும் பழைய தகராறு ஒன்று இருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரிகளைச் செங்குத்துச் சரிவில் புல்லுவெட்ட விட்டார் என்று அக்கா நேராகத் துரையிடமே போய்ச் சொல்லி, துரை எல்லோர் முன்னாலும் அவரை வைதுவிட்டார். அது அவர் நெஞ்சில் இருந்தது. கிழங்கைப் போட்டதும் அவள்தான், கடைசியில் பயந்துபோய்ச் சாம்பலைக் கொட்டியதும் அவள்தான் என்றார். விஷம் தெரிந்தவள் இந்தத் தோட்டத்தில் வேறு யார் என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை துரை விசாரிப்பார் என்று செய்தி வந்தது. குற்றம் என்று ஆனால் பேர் வெட்டிவிடுவார்கள். அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்தில் பேர் வெட்டினால் வேறு எந்தத் தோட்டமும் சேர்க்காது. ஊருக்குக் கப்பல் ஏற வேண்டும். ஊரில் எங்களுக்கு ஒரு ஓலைக்குடிசைகூடக் கிடையாது.

நான் கேட்டது

கிழங்கைத் தோண்டியது யாரென்று அக்காவுக்குத் தெரியும். செல்லாயி. புருஷன் ஊருக்குப் போனவன் திரும்பாமல், கைப்பிள்ளையோடு தனியாக இருந்த பெண். இந்தக் காட்டுக்குப் புதுசு. திருவிழாவுக்கு முதல் நாள் அவள் எல்லையோரத்திலிருந்து சாக்கு நிறையக் கிழங்கோடு வந்ததை அக்கா வழியில் பார்த்திருக்கிறாள். மற்றவர்களைவிட அதிகமாக எடுத்து வருகிறாளே என்று சந்தோஷப்பட்டாளாம்.

இதை என்னிடம் மட்டும் சொன்னாள். எனக்கு அக்காமேல் கவலை இருந்தது, பொய் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய கவலை என் வெள்ளைச் சட்டைமேல் இருந்தது. விஷம் வைத்தவளின் தம்பியை மருந்து கலக்க விடுவார்களா? செல்லாயி பேரைச் சொல்லிவிடு அக்கா என்றேன். ஒருதரம் அல்ல, மூன்று தரம்.

அக்கா சங்கிலி அண்ணனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"சொன்னா அவளக் கொலைகாரின்னுவாங்க. கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க போவா? எனக்காச்சும் நீ இருக்க."

எனக்காச்சும் நீ இருக்க. யாரை நம்பி அதைச் சொன்னாள் என்று நினைத்தால் இன்றைக்கும் தலை குனிகிறது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கஞ்சி காய்ச்சப் போனேன்.

பெரட்டுக் களத்தில்

ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அன்றைக்கு வேலைக்கு யாரையும் அனுப்பவில்லை. எல்லோரும் நின்றோம். பனி விலகவில்லை. துரை குதிரையிலிருந்து இறங்கி, கைப்பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் பேசும் தமிழ் கரடுமுரடாக இருக்கும், ஆனால் புரியும்.

வெத மாத்தையாவை வரவழைத்திருந்தார்கள். அக்கா எடுத்து வைத்திருந்த கிழங்கு நுனியைப் பார்த்ததும் நியங்கலா என்றார். இந்தப் பெண்ணுக்கு இதைப்பற்றி என்ன தெரியும் என்று துரை கேட்டார். பத்து வருஷமாக இவள்தான் எனக்குக் கொண்டுவந்து தருகிறாள், என்னைவிட நன்றாகத் தெரியும் என்று அவர் சிங்களத்தில் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். கங்காணி அதைப் பிடித்துக்கொண்டார். கேட்டீங்களா தொரை என்றார்.

துரை அக்காவைப் பார்த்து, நீதான் போட்டாயா என்று கேட்டார்.

"போட்டவ சாம்பலக் கொட்டி எதுக்குங்க காட்டிக் குடுத்துக்கணும்? சும்மா இருந்திருப்பேனே" என்றாள் அக்கா.

அப்படியானால் தோண்டியது யார் என்று தெரியுமா என்று கேட்டார்.

"தெரியுங்க. சொல்ல மாட்டேன்."

களத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. துரைக்கு முகம் சிவந்தது. சொல்லாவிட்டால் உன் பேரை வெட்டுவேன் என்றார். அக்கா சரி என்பதுபோல் தலையை ஆட்டினாள். வேண்டுமென்றே கெடுதல் செய்தவள் என்றால் நானே இழுத்துக்கொண்டு வந்திருப்பேன், தெரியாமல் செய்தவளைக் காட்டிக்கொடுத்து என் பேரைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டேன் என்று நிதானமாகச் சொன்னாள். கணக்கப்பிள்ளை பேரேட்டைத் திறந்துவிட்டார். பேனாவை மையில் தொட்டதையும் நான் பார்த்தேன்.

பெண்கள் வரிசையின் கடைசியிலிருந்து செல்லாயி வெளியே வந்தாள். இடுப்பில் பிள்ளை. துரைக்கு முன்னால் போய் நின்று, அவரைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நான்தாங்க தோண்டுனேன். வள்ளிக் கெழங்குன்னு நெனச்சேன். இவங்க பேர வெட்டாதீங்க."

அக்கா போய் அவள் இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

துரை பிரம்பால் மண்ணைக் கீறினார். எந்த இடத்தில் தோண்டினாய் என்று கேட்டார். எல்லோருமாகப் போய்ப் பார்த்தோம். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஆறேழு குழிகள். பக்கத்துப் புதருக்குள் சிக்கி உதிராமல் மிஞ்சிய காய்ந்த கொடி ஒன்று, சுருண்ட இலைநுனிகளோடு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வெத மாத்தையா அதை உருவி எடுத்துத் துரையிடம் கொடுத்தார். கங்காணி வேறு பக்கம் பார்த்தார்.

யார் பேரையும் அன்றைக்கு வெட்டவில்லை.

அக்கா கேட்ட கூலி

இரண்டு நாள் கழித்துத் துரை அக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். நூறு பேருக்குமேல் உயிரைக் காப்பாற்றியிருக்கிறாய், உனக்கு என்ன வேண்டும், கேள் என்றார். எனக்கு மனதில் ஒரு பட்டியலே ஓடியது. ஒழுகாத காம்பரா. முன்கையிலிருந்து ஒருபடி மேலே. என்னை டிஸ்பென்சராக்கப் படிக்க அனுப்பச் சொல்லலாம்.

அக்கா யோசிக்கவே இல்லை.

"அன்னைக்குப் பொதைச்ச சோத்துக்கு அரிசி குடுங்க தொரை. புள்ளைங்க எல வச்சிக்கிட்டுக் காத்துக் கெடந்துச்சுங்க" என்றாள்.

துரைக்கு முதலில் விளங்கவில்லை. நான் விளக்கிச் சொன்னேன்.

மறுபந்தி

இரண்டு மூட்டை அரிசி வந்தது. ஒரு மூட்டை பருப்பும் துரை தாமாகவே சேர்த்து அனுப்பியிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, கோயில் முற்றத்தில் மறுபடியும் அடுப்பு மூட்டினோம்.

சங்கிலி அண்ணன் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தார். ஆனால் அவர் தலைமுடி அந்த வாரம் கொத்துக் கொத்தாக உதிர்ந்துவிட்டது. புருவம்கூட மிச்சமில்லை. அந்த விஷத்தில் பிழைத்தவர்களுக்கு அப்படி ஆவது உண்டென்று பின்னாளில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எனக்குச் சொன்னார். ஆறு மாதத்தில் முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்தது வேறு விஷயம். அன்றைக்கு அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வேறு யாரையும் அடுப்புப் பக்கம் விடாமல் தானே பொங்கினார். காய்க்குப் பூசணி. பெல்மதுளைக் கடைத்தெருவிலிருந்து விலைக்கு வாங்கியது.

பந்தி உட்கார்ந்தது. வழக்கமாக முதல் இலை பெரிய கங்காணிக்கு. சங்கிலி அண்ணன் முதல் அகப்பையோடு நேராகப் பெண்கள் வரிசைக்குப் போய், செல்லாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் இலையில் போட்டார். கங்காணி தன் இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லா இலையிலும் போட்டு முடிந்தது.

ஒருவரும் சாப்பிடவில்லை.

அத்தனை பேரும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள்கூடக் கையை மடக்கி வைத்துக்கொண்டு பார்த்தன. அவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது புரிந்தது. வெட்கப்பட்டுப் போனாள். குனிந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள்.

"உப்பு கொஞ்சம் பத்தலண்ணே" என்றாள்.

அதன்பிறகுதான் எல்லோர் கையும் இலையில் இறங்கியது.

எனக்குப் பக்கத்தில் ராசையா என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். பத்து வருஷமாக எங்களுக்கு அடுத்த காம்பராவில் குடியிருப்பவர். அவரிடம் நான், "அது என் அக்கா" என்றேன்.

"தெரியும்டா, சாப்பிடு" என்றார்.